அன்ட்டாவைப் பற்றி நான் சொன்னதெல்லாம்

செனகல் நாட்டு இயக்குநர் ஜிப்ரில் தியோப் மாம்பெட்டி 1973இல் எடுத்த 'டூக்கி பூக்கி' படத்தை எங்கள் ஊர்த் திரைப்படச் சங்கத்திலும் மாணவர் முகாம்களிலும் பல வருடங்கள் திரையிட்டுப் பேசியிருக்கிறேன். சிறுபத்திரிகைகளில் எழுதியும் இருக்கிறேன். அந்தப் படத்தை வைத்து நான் சொல்லிவந்தது ஒரே விஷயம்தான். பிழைக்க வேண்டி ஊரை விட்டுப் போக நினைக்கிறவன் தன்னைத் தொலைக்கிறான், கடைசி நொடியில் திரும்பி ஓடி வருகிறவன் தன்னை மீட்டுக்கொள்கிறான் என்று சொன்னேன். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். சிலர் கண்கலங்கி வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் நான் சொன்னது அந்தப் படத்தில் இல்லை. இல்லாததை ஏன் சொன்னேன் என்று எனக்குத் தெரியும். அதற்கு விலை கொடுத்தது யார் என்பதும் தெரியும். இரண்டையும் மறைக்காமல் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

படத்தைப் பார்க்காதவர்களுக்காகக் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன். இடம் டாக்கர். பிரான்சிடமிருந்து செனகல் விடுதலை பெற்றது 1960இல். படம் வரும்போது அந்த விடுதலைக்கு வயது பதிமூன்று. மோரி மாடு மேய்த்தவன். இப்போது அவனிடம் மாடில்லை, ஒரு மோட்டார் சைக்கிள் இருக்கிறது. அதன் கைப்பிடிக்கு மேல், கொம்பு நீண்ட மாட்டு மண்டையோடு ஒன்றைக் கட்டி வைத்திருக்கிறான். அன்ட்டா பல்கலைக்கழகத்தில் படிக்கிறவள். முடியை ஒட்ட வெட்டியிருப்பாள். அவள் அம்மா குடிசைப் பகுதியில் காய்கறி விற்கிறாள், வாங்குகிறவர்களில் கடன் சொல்லிப் போகிறவர்கள் அதிகம். மோரியும் ஊரெல்லாம் கடன்காரன். அரிசிக் கடனுக்காக ஊமி அத்தை அவனை நடுத்தெருவில் வைத்து ஏசுகிறாள். இந்த இருவருக்கும் பாரிஸ் போக வேண்டும். ஜோசஃபின் பேக்கரின் பாரிஸ் பாட்டு படம் நெடுக, திரும்பத் திரும்ப, காதுக்குள் புகுந்த வண்டு போல ஒலித்துக்கொண்டே இருக்கிறது.

பணத்துக்குத் திருடுகிறார்கள். மல்யுத்தப் போட்டியில் வசூலான பணப்பெட்டி என்று நினைத்துத் தூக்கி வந்த பெட்டியைத் திறந்தால் உள்ளே மண்டையோடு. பிறகு கடலோரத்தில் மாளிகை வைத்திருக்கும் சார்லி என்ற பணக்காரனின் உடைகளையும், அமெரிக்கக் கொடியின் நிறம் அடித்த அவனுடைய காரையும் கிளப்பிக்கொண்டு வருகிறார்கள். அந்தக் காரில் போகும்போது மோரியின் மனசுக்குள் ஓர் ஊர்வலம் நடக்கிறது. ஜனங்கள் வரிசையில் நின்று வரவேற்கிறார்கள். அரிசிக் கடனுக்கு ஏசிய அதே ஊமி அத்தை, இப்போது முன்னால் வந்து புகழ்ந்து பாடுகிறாள். அந்தப் பாத்திரத்தில் நடித்தவர் பாடகி அமினாட்டா ஃபால். அதே குரல், அதே வாய். காசு வந்ததும் வசவு வாழ்த்தாகிவிடுகிறது. வெளிநாடு போய்த் திரும்பியவனுக்கு ஊர் காட்டும் முகத்தை இதைவிடக் கூர்மையாக யாரும் படமாக்கியதை நான் பார்த்ததில்லை.

கடைசியில் துறைமுகம். 'ஆன்செர்வில்' என்ற பயணிகள் கப்பல் நிற்கிறது. மேல்தளத்தில் பிரெஞ்சுக்காரர்கள் சாய்ந்து உட்கார்ந்து, ஆப்பிரிக்கர்களுக்குக் கலை தெரியாது, அறிவு போதாது என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். அன்ட்டா ஏறிவிடுகிறாள். மோரி ஏறும் இடத்தில் நின்றுபோகிறான். கப்பலின் சங்கு ஊதுகிறது. அந்த ஒலியோடு அடிமாட்டின் கதறல் கலக்கிறது. கயிற்றில் இழுபடும் மாடு காலை ஊன்றி முரண்டு பிடிப்பதை மாம்பெட்டி இடையிடையே வெட்டிக் காட்டுகிறார். மோரி திரும்பி ஓடுகிறான். கப்பல் அன்ட்டாவோடு புறப்பட்டுப் போகிறது.

என் பிரசங்கம் முழுவதும் இந்த இடத்தில்தான் நின்றது. கப்பல்தான் இறைச்சித் தொட்டி என்பேன். பாரிஸ் அவர்களை அறுத்துக் கூறுபோடும். மாட்டோடு வளர்ந்த மோரிக்கு ரத்த வாடை தெரியும், அதனால் தப்பினான். படித்த அன்ட்டாவுக்குத் தெரியவில்லை, அதனால் போய் விழுந்தாள். இப்படிச் சொன்னால் நம்பத்தான் தோன்றும். காட்சிகள் அந்தப் பக்கம் இழுக்கவும் செய்கின்றன. ஆனால் அந்தத் தொட்டி எந்த ஊரில் இருக்கிறது? டாக்கரில். படம் தொடங்கியதும் நாம் பார்க்கிற ரத்தம் அங்கே ஓடியதுதான். மோரி திரும்பி ஓடுவது அந்த ஊருக்குள்தான். ஓடிப்போய் அவன் கண்டெடுப்பது உடைந்து கிடக்கும் தன் வண்டியையும் அதன் கொம்பையும். அதை வைத்துக்கொண்டு அவன் உட்கார்ந்திருப்பதை மீட்சி என்று சொல்ல மிகுந்த துணிச்சல் வேண்டும். எனக்கு இருந்தது. கூட்டத்தில் யாராவது, "அந்தப் பொண்ணு என்ன ஆனா சார்?" என்று கேட்டால், படம் அவளைப் பற்றியது இல்லை என்று வாயடைத்துவிடுவேன்.

படத்தில் புரட்சி பேசும் மாணவர்கள் சிலர் வருகிறார்கள். மக்கள், விடுதலை என்று பேசுகிறவர்கள்தான் மோரியைக் கயிறு வீசிப் பிடித்து அவமானப்படுத்துகிறார்கள். அந்தக் காட்சியை நான் ஒரு கூட்டத்திலும் விளக்கிப் பேசியதில்லை. மண்ணைப் பற்றி உரக்கப் பேசுகிறவன் கையில் கயிறு இருக்கும் என்று மாம்பெட்டி காட்டியது எனக்கு உவப்பாக இல்லை போலும்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

எங்கள் நாகர்கோவில் பக்கத்தில் மாலத்தீவுக்கு வாத்தியார் வேலைக்குப் போவது புதிதல்ல. சொந்தத்தில் ஒருவராவது போயிருப்பார். திருவனந்தபுரத்தில் விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் மாலே. பி.எட். முடித்துவிட்டு ஒரு தனியார் பள்ளியில் சொற்பச் சம்பளத்துக்குக் கணக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்த நாட்களில் எனக்கும் அங்கே ஒரு தீவுப் பள்ளியில் வேலை கிடைத்தது. நேர்காணலில் தேறி, வேலை உத்தரவும் வந்துவிட்டது. அம்மா தன் இரட்டை வடச் சங்கிலியை அடகு வைத்து டிக்கெட்டுக்கும் துணிமணிக்கும் பணம் புரட்டித் தந்தாள். நான் போகவில்லை. சேர வேண்டிய தேதி வந்தது, கடந்தும் போனது.

பயந்துவிட்டேன், வேறு காரணம் ஒன்றுமே இல்லை. ஆங்கிலத்தில் வகுப்பெடுக்க நாக்கு எழும்பாது என்று பயம். சுற்றிலும் கடல் கிடக்கும் ஒரு துண்டு நிலத்தில் ராத்திரியை எப்படிக் கழிப்பது என்று பயம். முடியாமல் பாதியில் திரும்பினால் தெருவில் எந்த முகத்தோடு நடப்பது என்று அதைவிடப் பெரிய பயம். ஊரில் யாரிடமும் இதைச் சொல்லவில்லை. அப்பா தவறி வருடம் திரும்பவில்லை, அம்மாவுக்கு நெஞ்சுவலி, தனியாக விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை என்றேன். அம்மாவுக்கு நெஞ்சுவலி கிடையாது. காலையில் இரண்டு குடம் தண்ணீரை ஒன்றாகத் தூக்கி வருகிறவள் அவள். ஆனால் விசாரித்தவர்களிடம், "ஆமா, எனக்குத்தான் முடியல. அவன் எனக்காகத்தான் நின்னுட்டான்" என்று சொன்னாள். என் பொய்யைத் தன் நோயாக ஏற்றுக்கொண்டாள். சங்கிலி ஏலத்தில் போனது. நான் தாயைக் காப்பாற்றும் பிள்ளை என்று பெயர் எடுத்தேன்.

சில வருடம் கழித்து ஓர் உதவிபெறும் பள்ளியில் நிரந்தர வேலை அமைந்தது. சினிமாப் பித்தும் அப்போதுதான் தொடங்கியது. 'டூக்கி பூக்கி' என் கைக்கு வந்தது ஒரு குறுந்தகட்டில். பிரதியிலிருந்து பிரதி எடுத்து எடுத்து நிறமெல்லாம் வெளிறியிருந்தது. மோரி கப்பலுக்கு முன்னால் தயங்கி நின்ற இடத்தில் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இவன் நான்தான் என்று தோன்றியது. கேன் விழாவில் இயக்குநர்களின் பிரிவில் காட்டப்பட்ட படம், உலகமே கொண்டாடும் படம், அதன் நாயகன் போகாமல் திரும்புகிறான். அப்படியானால் நான் போகாமல் நின்றதும் பயத்தால் இல்லை, அது ஒரு நிலைப்பாடு. வேர், மண், மானம் என்று அதற்குப் பெயர்கள் வைத்தேன். ஒரே இரவில் என் கோழைத்தனத்துக்குக் கௌரவம் கிடைத்துவிட்டது. அந்தக் கௌரவத்தைக் கட்டிக்காக்கத்தான் அதன் பிறகு ஊர் ஊராகப் போய்ப் பேசினேன்.

இது என்னோடு போயிருந்தால் ஒரு தவறான விமர்சகனின் கதை என்று விட்டுவிடலாம். என்னோடு போகவில்லை.

என் தங்கை ஜி.என்.எம். படித்த நர்ஸ். ஊரில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை பார்த்தாள். பன்னிரண்டு மணி நேர டூட்டி, வாரத்தில் பாதி ராத்திரி டூட்டி. சம்பளம் மூவாயிரத்துச் சொச்சம், அதுவும் ஒரு மாதம் தள்ளித்தான் கைக்கு வரும். சவுதியில் அரசு மருத்துவமனைகளுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, கூடப் படித்த இரண்டு பெண்களோடு கொச்சிக்குப் போய் நேர்காணலில் தேறி வந்தாள். பாஸ்போர்ட்டுக்கு முன்னமே எழுதிப் போட்டிருந்தாள். வந்த அன்று அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அப்பா இல்லாத வீடு. முடிவு சொல்ல வேண்டியவன் அண்ணன். அம்மா என் முகத்தைப் பார்த்தாள்.

வேண்டாம் என்று சட்டென்று சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தாலாவது அவள் சண்டை போட்டிருப்பாள். நான் படம் காட்டினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். ராத்திரி டூட்டி முடிந்து வந்து சற்று நேரம் தூங்கி எழுந்திருந்தாள். கால் வீங்கி, புறங்காலில் செருப்பு வாரின் தடம் பதிந்து கிடந்தது. முன்னறைத் தொலைக்காட்சியில் குறுந்தகட்டைப் போட்டு, துறைமுகக் காட்சிக்கு நேராக ஓட்டினேன். தரையில் கால் நீட்டி உட்கார்ந்து பார்த்தாள். மாட்டை அறுக்கும் இடத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கப்பல் நகர்ந்ததும் கேட்டாள்:

"அந்தப் பிள்ள போயிட்டாளே அண்ணே?"

"அவள விடு. மோரியப் பாரு."

"தனியாவா போறா?"

"ஆமா."

"பயப்படலியே அவ."

"பயப்படத் தெரியாதவ. மண்ணோட ஒட்டு இல்லாதவ" என்றேன். அவள் ஒன்றும் சொல்லாமல் எழுந்து சோறு வடிக்கப் போனாள்.

அன்றைக்கு அந்தப் படத்தை நான் பார்த்ததைவிட அவள் சரியாகப் பார்த்தாள். தயங்கி நின்றவனை நான் பார்த்தேன், தனியாக ஏறியவளை அவள் பார்த்தாள். அவளுக்கு அதைச் சொல்ல வார்த்தை இருந்தது, நான் இடம் கொடுக்கவில்லை.

அதோடு நிறுத்தவும் இல்லை. மறுநாள் உஸ்மான் செம்பேனின் 1966ஆம் வருடத்துப் படத்தைக் கதையாகச் சொன்னேன். டாக்கரில் ஒரு பிரெஞ்சுக் குடும்பத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் டியுவானா, அவர்களோடு பிரான்சுக்குப் போகக் கிடைத்ததும் துள்ளிக் குதிக்கிறாள். ஆன்டீப் நகரத்தில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்குள் அவளை அடைத்துச் சமைக்கவும் துடைக்கவும் வைக்கிறார்கள். கடைசியில் குளியல் தொட்டியில் தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொள்கிறாள். உண்மையில் நடந்து செய்தித்தாளில் வந்த சம்பவத்தை வைத்து எடுத்த படம் என்று அழுத்திச் சொன்னேன். நர்ஸாக, ஒப்பந்தத்தோடு, தோழிகளோடு போகப் போகிற ஒருத்தியிடம், அடைத்து வைக்கப்பட்ட வேலைக்காரியின் சாவை உதாரணமாக வைத்தேன். சவுதியில் போய் இறங்கியதும் முதலில் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள், அதன் பிறகு நீ அவர்கள் வைத்த ஆள் என்றேன்.

வளைகுடாவில் அப்படி நடக்காமல் இல்லை. பாஸ்போர்ட்டைப் பறித்துவைத்து வீட்டு வேலைக்காரிகளைச் சிறைவைத்த கதைகள் எங்கள் தெருவிலேயே உண்டு. உண்மையைத்தான் சொன்னேன். ஆனால் அவளை எச்சரிக்கச் சொல்லவில்லை, நிறுத்தச் சொன்னேன். எச்சரிக்கிறவன் என்றால் ஒப்பந்தத்தை வாங்கிப் படித்திருக்க வேண்டும். ஏற்கெனவே போன நர்ஸ்களைத் தேடிப் போய் விசாரித்திருக்க வேண்டும். ஏஜென்டு சரியான ஆளா என்று பார்த்திருக்க வேண்டும். இதில் ஒன்றைக்கூட நான் செய்யவில்லை.

செம்பேனைப் பற்றியும் பாதிதான் சொன்னேன். அந்த மனிதர் இளவயதில் பிரான்சுக்குப் போனவர். மார்செய் துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர். அங்கேதான் தொழிற்சங்கத்தில் சேர்ந்தார், அங்கேதான் படித்தார், அங்கிருந்தபடியே 1956இல் முதல் நாவலை வெளியிட்டார். பிறகு மாஸ்கோ போய்த் திரைப்படம் கற்றுவந்தார். டியுவானாவின் கதையைச் சொல்ல அவருக்கு வந்த குரல், போனதால் வந்த குரல். என் கையில் இருந்த புத்தகத்திலேயே இது இருந்தது. படித்திருந்தேன். தங்கையிடம் சொல்லவில்லை.

கூடப் போன இரண்டு பெண்களும் சவுதிக்குப் போனார்கள். அதில் ஒருத்தி சில வருடத்தில் அயர்லாந்துக்குப் போய்விட்டாள். தங்கை அதே மருத்துவமனையில் தொடர்ந்தாள். கல்யாணம் ஆனது, இரண்டு பிள்ளைகள். நோயாளிகளைத் தூக்கித் தூக்கி நடு முதுகு போய்விட்டது. ஊரில் இருந்ததால்தான் அம்மாவைக் கடைசிக் காலத்தில் அவளால் பார்த்துக்கொள்ள முடிந்தது என்று நான் ஒரு சமயம் சொன்னபோது, அவள் பதில் சொல்லவில்லை. அம்மாவைப் பார்த்துக்கொள்ளத்தான் நான் மாலத்தீவு போகவில்லை என்று ஊர் நம்பியது. உண்மையில் படுக்கையில் கிடந்தவளுக்குக் குளிப்பாட்டி விட்டது அவள்.

2006இல் செனகல் கடற்கரையிலிருந்து மரப் படகுகளில் கனாரித் தீவுகளுக்குப் போனவர்களைப் பற்றிச் செய்திகள் வந்தன. அந்த ஒரு வருடத்தில் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் போய்ச் சேர்ந்தார்கள். வழியில் செத்தவர்களுக்குச் சரியான கணக்கில்லை. 'பார்சிலோனா, இல்லாவிட்டால் மறுலோகம்' என்று சொல்லிக்கொண்டு அந்தப் பிள்ளைகள் படகேறினார்கள். அதையும் நான் என் கட்சிக்குச் சான்றாக எடுத்துக்கொண்டேன். பார்த்தீர்களா, மாம்பெட்டி அன்றே எச்சரித்தார் என்று ஒரு கட்டுரை எழுதினேன். எழுதியதிலேயே எனக்கு வெட்கமாக இருப்பது அந்தக் கட்டுரைதான். மீன்வளம் பறிபோன கரையில், கூலி கிடைக்காத ஊரில், ஒருவன் ஏன் சாவைத் தெரிந்தே படகேறுகிறான் என்று அதில் ஒரு வரிகூட இல்லை. பின்னாளில் மாத்தி தியோப் 2019இல் எடுத்த 'அட்லாண்டிக்' படம் அந்த இடத்தில்தான் தொடங்குகிறது. டாக்கரில் எழும்பும் ஓர் உயரமான கட்டடம். மாதக்கணக்கில் சம்பளம் தராத முதலாளி. கேட்டுக் கேட்டு அலுத்த பையன்கள் ஒருநாள் கடலுக்குப் போய்விடுகிறார்கள். மூழ்கிச் செத்த பிறகும் ஆவியாக வந்து அவர்கள் கேட்பது தங்களுக்கு வரவேண்டிய கூலியைத்தான். அந்தப் படத்தைப் பார்க்கும்போது ஒரு மாதம் தள்ளிவரும் தங்கையின் சம்பளக் கவர் நினைவுக்கு வந்தது. அவள் பாரிஸ் கனவு கண்டவள் இல்லை. சேர வேண்டியது சேர வேண்டிய தேதியில் கிடைக்கும் இடத்துக்குப் போக நினைத்தவள்.

மாத்தி தியோப், மாம்பெட்டியின் தம்பி மகள். 'அட்லாண்டிக்'குக்கு முன்பே, 2013இல், 'ஆயிரம் சூரியன்கள்' என்று முக்கால் மணி நேரப் படம் ஒன்று எடுத்திருக்கிறார். மோரியாக நடித்த மகாய் நியாங்கை நாற்பது வருடம் கழித்துத் தேடிப் போகும் படம். அவர் டாக்கரில்தான் இருக்கிறார். மாடு ஓட்டிக்கொண்டு தொட்டிக்குப் போகிறார். ஊரில் திறந்தவெளியில் 'டூக்கி பூக்கி' திரையிடுகிறார்கள். திரையில் இருக்கும் அந்த அழகான இளைஞன் தான்தான் என்று அங்கே நிற்கும் சின்னப் பிள்ளைகளிடம் சொல்கிறார். பிள்ளைகள் நம்பவில்லை. அன்ட்டாவாக நடித்த மரேம் நியாங் நாட்டை விட்டுப் போய்விட்டார். அவர் அலாஸ்காவில் இருக்கிறார் என்று தெரிந்து மகாய் தொலைபேசியில் பேசுகிறார். நிஜமும் கற்பனையும் கலந்த படம் அது. ஆனால் அந்தத் தொலைபேசியைப் பிடித்திருக்கும் முகம் கற்பனை இல்லை. போகாமல் நின்றதால் தன்னை மீட்டுக்கொண்டவன் என்று நான் ஊரெல்லாம் பறைசாற்றிய ஆள், திரையில் எனக்கு எதிரே, வயதாகி, தொண்டை அடைத்து நிற்கிறார். அவரைக் குறைத்துச் சொல்லவில்லை. நின்றுவிட்ட ஒரு மனிதனின் மேல் என் சௌகரியத்துக்கு ஒரு மகுடத்தை நான் வைத்திருந்தேன். அது அவர் கேட்டது இல்லை.

அதன் பிறகுதான் மாம்பெட்டி தந்த ஒரு நேர்காணலைத் தேடிப் படித்தேன். அவர் தன் அடுத்த முழுநீளப் படமான 'கழுதைப்புலிக'ளை 1992இல் முடித்தார். அதை எடுக்கத் தொடங்கியதே அன்ட்டாவைத் தேடித்தான் என்று அதில் சொல்கிறார். தன்னந்தனியாகக் கடல் தாண்டத் துணிந்தவள் என்று அவளைப் பற்றிச் சொல்கிறார். டூரன்மாட்டின் நாடகத்தைத் தழுவிய அந்தப் படத்தில், இளவயதில் ஏமாற்றப்பட்டு ஊரை விட்டுப் போன ஒரு பெண், பெரும் பணக்காரியாகக் கிழவயதில் திரும்பி வந்து, தன்னைக் கைவிட்டவனின் உயிரை ஊரிடம் விலை கேட்கிறாள். ஏறக்குறைய இருபது வருடம் அந்த மனிதர் மனசில் போனவள் என்ன ஆனாள் என்ற கேள்வி இருந்திருக்கிறது. கூட்டத்தில் யாரோ அதே கேள்வியைக் கேட்டபோதெல்லாம், படம் அவளைப் பற்றியது இல்லை என்று அவர் பெயரால் நான் பதில் சொல்லியிருக்கிறேன்.

2008இல் 'டூக்கி பூக்கி'யைப் பழுது பார்த்துப் புதுப்பித்தார்கள். அந்தப் பிரதியில் இப்போது திரும்பவும் பார்த்தேன். என் பழைய குறுந்தகட்டில் கப்பலும் வானமும் ஒரே சாம்பலாக இருந்தன. புதிய பிரதியில் கடல் அத்தனை நீலம். அன்ட்டா மேல்தளத்தில் தனியாக நிற்கிறாள். சுற்றிலும் இருக்கிறவர்கள் அவளைப் போன்றவர்களைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்று நமக்குத் தெரியும். அவளுக்கும் தெரியாமல் இருக்காது. பாரிஸில் அவளுக்காக யாரும் பூச்செண்டோடு காத்திருக்கப் போவதில்லை. டியுவானாவின் அறைகூடக் காத்திருக்கலாம். போனால் நல்லது என்று இந்தப் படம் சொல்லவில்லை. பழைய பிரசங்கத்தைத் தலைகீழாகப் புரட்டி இனி அதைச் சொல்லிக்கொண்டு திரிய எனக்கும் எண்ணமில்லை. மோரியின் முடிவு மோரியுடையது, அன்ட்டாவின் முடிவு அன்ட்டாவுடையது, அவ்வளவுதான் மாம்பெட்டி வைத்திருக்கிறார். என் வீட்டில் நான் இரண்டு முடிவுகளையும் எடுத்தேன்.

அம்மா போன பிறகு, ஒரு நாள் தங்கை வீட்டுக்குப் போய், மாலத்தீவு விஷயத்தை உள்ளபடி சொன்னேன். அம்மாவுக்கு நெஞ்சுவலி இல்லை, எனக்குத்தான் பயம் என்று. கொடியிலிருந்து எடுத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"தெரியும்ணே. அம்மா சொல்லிருக்கா."

"எப்ப?"

"நான் கொச்சிக்குப் போறதுக்கு முந்தியே."

அப்படியென்றால் நான் குறுந்தகட்டைப் போட்டு மோரியைக் காட்டியபோது அவளுக்குத் தெரியும். டியுவானாவைச் சொன்னபோதும் தெரியும். மண், வேர் என்று நான் பேசப் பேச, பேசுகிறவன் யார் என்று தெரிந்தே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"தெரிஞ்சும் ஏன் எதுத்துப் பேசல?"

"பேசி? பாஸ்போர்ட் ஒங்க பீரோவிலல்லா இருந்தது."

இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று பல நாள் யோசித்தேன். கொச்சியிலிருந்து அவள் வந்த மறுவாரம் பாஸ்போர்ட் தபாலில் வந்தது. வீட்டில் கிடந்தால் தொலைந்துவிடும், பத்திரமாக இருக்கட்டும் என்று சொல்லி வாங்கி, என் பீரோவின் உள்ளறையில் வைத்துப் பூட்டினேன். சாவி என் கொத்தில் இருந்தது. அவள் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன் என்றுதான் இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் கேட்டாள். விசா முத்திரைக்கு அனுப்ப வேண்டும், கெடு வைத்திருக்கிறார்கள் என்று வாசல் பக்கம் நின்று கேட்டாள். "பார்ப்போம்" என்றேன். சவுதியில் முதலாளிகள் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்று அவளுக்கு நான் பாடம் எடுத்ததும் அதே வாரத்தில்தான். கெடு போனது. நான் பீரோவைத் திறக்கவில்லை. பத்து வருடம் கழித்து அது காலாவதியானது. புதுப்பிக்க வேண்டுமா என்றுகூட அவளிடம் கேட்கவில்லை.

அன்று சாயங்காலமே வீட்டுக்குப் போய் அதைத் தேடி எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மன்னிப்புக் கேட்க வாய் எழுந்தது. அவள் அதற்கு நேரம் தரவில்லை. பாஸ்போர்ட்டைப் புரட்டி, போட்டோவில் இருந்த தன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "புதுசுக்கு எழுதிப்போட பழசோட நம்பர் கேப்பாங்க. இது இருக்கட்டும்" என்று சொல்லிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். எதற்குப் புதுசு என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.